முற்றத்தில் நின்று வானம் பார்த்தவர்

பறவைகள் பருவத்துக்கு வருகின்றன. பருவம் மாறினால் போய்விடுகின்றன. நாம் பார்க்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். தென்குமரியில் நீராடிவிட்டுப் பெடையோடு வடதிசை திரும்பும் நாரையை அழைத்து, வழியில் தம் ஊரில் இறங்கித் தம் வறிய நிலையை மனைவியிடம் சொல்லும்படி வேண்டிக்கொண்ட சத்திமுத்தப் புலவரைத் தமிழ் வகுப்பில் நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். நாரை தெற்கே வரும், வடக்கே போகும் என்பதில் அந்தப் புலவருக்கு ஐயமே இல்லை. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலோ, குளிர்காலத்தில் காணாமற்போகும் சின்னஞ்சிறு குருவிகள் எங்கே செல்கின்றன என்பது பேரறிஞர்களையே இரு கட்சியாகப் பிரித்து நிறுத்திய கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்வியைத் தம் வீட்டு முற்றத்திலும் தோட்டத்திலும் நின்றவாறே வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் பெயர் கில்பர்ட் ஒயிட். அவர் கண்டறிந்தவை பல. ஆயினும் விலங்கியல் பயிலும் என் மனத்தை மிகவும் ஈர்த்தது, அவர் கண்டறியாமலே போன ஒன்றுதான்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் செல்போர்ன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்க் குருமனையில் 1720ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் கில்பர்ட் ஒயிட் பிறந்தார். அப்போது அவருடைய பாட்டனார் அவ்வூர்த் திருச்சபையின் குருவாக இருந்தார். பாட்டனாரின் பெயரே பேரனுக்கும் இடப்பட்டது. சிறுவனாக இருந்தபோதே குடும்பம் அவ்வூரிலேயே ‘வேக்ஸ்’ என்னும் வீட்டுக்குக் குடிபுகுந்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்றுவிட்ட வீடு அதுவே.

பள்ளிக் கல்வி முடிந்ததும் ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் சேர்ந்தார். 1743இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அக்கல்லூரியின் ‘ஃபெலோ’ என்னும் மதிப்புமிக்க உறுப்பினர் ஆனார். திருச்சபைக் குருவாகவும் திருநிலைப்படுத்தப் பெற்றார். கல்வியும் செல்வாக்கும் இருந்த அந்த இளைஞருக்கு வேறு ஊர்களில் வருவாய் மிகுந்த பதவிகள் கிடைத்திருக்கும். அவரோ செல்போர்னை விட்டுப் பிரிய மனமில்லாதவராக இருந்தார். செல்போர்ன் குருப்பதவியை வழங்கும் உரிமை வேறொரு கல்லூரியிடம் இருந்தமையால், பாட்டனார் வகித்த பதவி பேரனுக்குக் கடைசி வரை கிட்டவில்லை. அருகிலிருந்த ஃபாரிங்டனிலும், பின்னர் தம் சொந்த ஊரிலும் உதவிக் குருவாகவே பணியாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

பெரிய பதவியைத் தேடி ஊரை விட்டுப் போகாத மனிதர், ஊரை விட்டுப் போகும் பறவைகளைப் பற்றியே ஓயாது சிந்தித்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

நாட்குறிப்பு

ஒயிட்டின் தொடக்க கால ஆர்வம் தோட்டத்தில்தான் இருந்தது. 1751 முதல் தோட்டக் குறிப்பேடு ஒன்றை எழுதிவந்தார். எந்த நாளில் எந்த விதையிட்டார், எப்போது முளைத்தது, மழை எப்படி, பனி எப்படி என்பவையெல்லாம் அதில் இடம் பெற்றன. தோட்டத்தில் குனிந்து நின்றவர் தலை நிமிர்ந்தபோது பறவைகள் கண்ணில் பட்டன போலும்! மெல்ல மெல்லச் செடிகளோடு பறவைகளும் பூச்சிகளும் குறிப்பேட்டில் புகுந்தன.

1767இல் தாமஸ் பெனன்ட் என்னும் விலங்கியல் அறிஞருடனும், 1769இல் டெய்ன்ஸ் பாரிங்டன் என்னும் வழக்கறிஞருடனும் அவருக்குக் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. பாரிங்டன், இயற்கை ஆர்வலர்களுக்கென்று அச்சிட்ட குறிப்பேடு ஒன்றை வகுத்திருந்தார். வெப்பநிலை, காற்று, மழை, முதலில் பூத்த செடி, முதலில் தோன்றிய அல்லது மறைந்த பறவை எனப் பத்தி பத்தியாகக் கோடு போட்ட ஏடு அது. 1768 முதல் ஒயிட் அதில் எழுதத் தொடங்கினார். இறப்பதற்குச் சில நாள் முன்வரை, அதாவது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், அந்த ஏட்டை அவர் கைவிடவே இல்லை. ஒரு செய்முறைப் பதிவேட்டை ஓராண்டு ஒழுங்காக எழுதுவதற்குள் நாம் படும் பாடு நமக்குத்தானே தெரியும்!

அறிஞர் உலகின் கருத்து

இலையுதிர் காலத்தில் தகைவிலான் குருவிகள் மறைகின்றன. வசந்தத்தில் மீண்டும் தோன்றுகின்றன. இடையில் எங்கே இருந்தன? கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அவற்றுள் சில பொந்துகளில் ஒளிந்து கிடக்கும் என்று எழுதிவைத்தார். ஸ்வீடனைச் சேர்ந்த ஒலாஸ் மாக்னஸ் 1555இல் வெளியிட்ட நூலில், வடநாட்டு மீனவர்கள் வலை இழுக்கும்போது கொத்துக் கொத்தாகத் தகைவிலான்கள் நீருக்குள்ளிருந்து வரும் என்றார். பதினேழாம் நூற்றாண்டில் சார்ல்ஸ் மார்ட்டன் என்பவர், பறவைகள் நிலவுக்கே சென்று திரும்புகின்றன என்று வாதிட்டார். உயிரினங்களுக்கெல்லாம் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ்கூடத் தகைவிலான்கள் நீருக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்றே நம்பினார்.

இவற்றைப் படித்து நாம் சிரிக்கலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: இருபது கிராம் எடைகூட இல்லாத ஒரு குருவி, கடலையும் பாலைவனத்தையும் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறது என்பதைக் காட்டிலும், அது எங்கோ ஒரு பொந்தில் உறங்குகிறது என்பதுதானே நம்புவதற்கு எளிது? ஒயிட்டின் நண்பர் பாரிங்டனும் வலசைக் கொள்கையை மறுத்தவரே. பறவைகளின் வரவையும் மறைவையும் குறிக்க ஒயிட்டுக்கு ஏடு வகுத்துத் தந்தவர், அவை கடல் கடந்து போகின்றன என்பதை ஒப்பாதவராக இருந்தார்!

முற்றத்தில் கண்டவை

ஒயிட் நூல்களை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. தம் வீட்டைச் சுற்றிக் கண்டவற்றைக் கொண்டே பேசினார். வீட்டுக்குப் பின்னே பீச் மரங்கள் அடர்ந்த குன்று. வீட்டுக்கு எதிரே ஊர்ப் பொதுத் திடலும் தேவாலயமும். ஓலை வேய்ந்த குடிசைகள், புகைபோக்கிகள், இறவாரங்கள் ஆகியவையே அவருடைய ஆய்வுக்கூடம்.

இறவாரத்தின் கீழ் மண்ணால் கூடு கட்டும் மார்ட்டின் என்னும் குருவியை அவர் கவனித்த முறையைப் பாருங்கள். அது காலை வேளையில் மட்டும் மண் பூசுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை அங்குலத்துக்கு மேல் சுவரை உயர்த்துவதில்லை. ஈர மண் காய்ந்து இறுகுவதற்கு முன் மேலே சுமை ஏற்றினால் கூடு இடிந்து விழுந்துவிடும் அன்றோ? மண்சுவர் எழுப்பும் நம் ஊர்க் கொத்தனாரும் இதே முறையைத்தான் கையாள்கிறார். இந்த நுட்பத்தைக் காண்பதற்கு ஒருவர் எத்தனை காலைப் பொழுதுகள் ஒரே இறவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்!

உழவாரன் குருவிகளை அவர் எண்ணினார். ஊரில் ஆண்டுதோறும் எட்டு இணைகள் இருப்பதைக் கண்டார். ஓர் இணை ஆண்டுக்கு இரண்டு குஞ்சு பொரிக்கிறதென்றால் அடுத்த ஆண்டு எண்ணிக்கை பெருக வேண்டும். பெருகவில்லையே! மிகுந்தவை எங்கே போயின? இன்று உயிர்த்தொகைச் சூழலியல் என்று நாம் படிக்கும் பாடத்தின் வினா ஒன்று, ஒரு கிராமத்துக் குருவின் முற்றத்தில் இவ்வாறு பிறந்தது.

பசுமஞ்சள் நிறங்கொண்ட சிறு கதிர்க்குருவிகளை அக்காலத்தார் ஒரே வகையாக எண்ணிக் குழம்பி வந்தனர். ஒயிட் அவற்றின் குரலைக் கேட்டார். மூன்று வெவ்வேறு பாட்டுகள் கேட்டன. எனவே அவை மூன்று வகைகள் என்று 1768 அளவில் பிரித்துக் காட்டினார். சிஃப்சாஃப், வில்லோக் கதிர்க்குருவி, மரக் கதிர்க்குருவி என்று இன்று வழங்கும் அம்மூன்றும் வலசை வருபவையே. மார்பில் வெண்பிறை அணிந்த கரும்பறவையான ரிங் ஊசல், ஆண்டு முழுதும் மலைநாட்டிலேயே தங்கியிருப்பது என்று கருதப்பட்டு வந்தது. அது செப்டம்பர் இறுதியிலும் மீண்டும் ஏப்ரலிலும் தம் ஊர் மேட்டு நிலங்களைக் கடந்து செல்வதை அவர் கண்டு எழுதினார். இடம்விட்டு இடம் பெயரும் பறவை ஒன்று, இடையில் தங்கிச் செல்லும் காட்சி அது.

தகைவிலான், மார்ட்டின், மணல் மார்ட்டின், உழவாரன் ஆகிய நான்கையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் 1774, 1775ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

அண்ணனும் தம்பியும்

பறவைகள் கடல் கடக்கின்றனவா என்ற கேள்விக்குச் சான்று சொல்ல ஒயிட்டுக்கு ஒருவர் வாய்த்தார். அவர் வேறு யாருமல்லர். அவருடைய தம்பி ஜான். ஜிப்ரால்டர் கோட்டையில் படைவீரர்களுக்குச் சமயகுருவாக இருந்தவர் அவர். ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் அந்தக் குறுகிய நீரிணையில், தகைவிலான்கள் வசந்தத்தில் வடக்கு நோக்கியும் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கியும் கடந்து செல்வதை ஜான் நேரில் கண்டு அண்ணனுக்கு எழுதினார். அண்ணன் கேள்விகளை அனுப்ப, தம்பி விடைகளை அனுப்பினார்.

இத்துடன் வழக்கு முடிந்தது என்றுதான் நாம் தீர்ப்பளிப்போம். ஒயிட் அப்படிச் செய்யவில்லை. பறவைகள் பல வலசை போகின்றன என்பதை அவர் ஏற்றார். பாரிங்டனின் மறுப்பைப் பணிவோடு எதிர்த்தும் எழுதினார். ஆனால் ஜிப்ரால்டரைக் கடக்கும் குருவிகள் கடக்கட்டும். செல்போர்னின் குருவிகள் எல்லாமே போகின்றனவா, சிலவேனும் இங்கேயே தங்கிவிடுகின்றனவா என்று கேட்டார். இந்த ஒரு கேள்வி அவரை விடவில்லை.

ஐயத்தின் காரணங்கள்

அவர் ஐயம் கொண்டதற்குக் காரணங்கள் இருந்தன. குருவிகளெல்லாம் மறைந்து சில வாரங்கள் கழிந்தபின், நவம்பரில் வெயில் காயும் ஒரு நாளில் இரண்டொரு மார்ட்டின்கள் திடீரென்று தோன்றும். ஆப்பிரிக்காவுக்குப் போனவை ஒரு நாள் வெயிலுக்காகத் திரும்பி வருமா? வசந்தத்தில் முதலில் வந்த குருவிகள், மீண்டும் குளிர் அடித்தால் சில நாள் காணாமற்போகும். அருகில் எங்கோ ஒளிந்துகொள்வது போலத்தானே இது தோன்றுகிறது?

தூங்கும் உயிர்களையும் அவர் நேரில் கண்டிருந்தார். சசெக்ஸ் மாவட்டத்தில் அவருடைய அத்தை ஒரு நில ஆமையை வளர்த்து வந்தார். திமோத்தி என்பது அதன் பெயர். 1780இல் அத்தை மறைந்தபின் அந்த ஆமையை ஒயிட் தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் குளிர் தொடங்கும்போது அது மண்ணைத் தோண்டிப் புதைந்து, உணவின்றி மாதக்கணக்கில் கிடந்து, வசந்தத்தில் எழுந்து வரும். ஆமைக்கு இயல்வது குருவிக்கு ஏன் இயலாது என்று ஒருவர் எண்ணினால் அது மூடத்தனம் ஆகாது.

ஐயத்தை அவர் வாதமாக மட்டும் வைத்திருக்கவில்லை, சோதித்தும் பார்த்தார். ஒருமுறை இலையுதிர் காலக் கடைசியில் குன்றுப் பக்கம் மார்ட்டின்கள் பெருந்திரளாகத் தங்கியதைக் கண்டார். அடுத்த ஏப்ரல் தொடக்கத்தில் ஆட்களை அமர்த்தி அங்குள்ள புதர்களையும் பொந்துகளையும் தேடச் செய்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். அவருடைய பெருமையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தமக்குப் பிடித்த கருத்துக்குச் சான்று கிட்டவில்லை என்பதைத் தம் கையாலேயே பதிவு செய்பவர் எத்தனை பேர்?

ஒரே ஒரு நூல்

கடிதங்களைத் திரட்டி நூலாக்கும்படி நண்பர்கள் தூண்டினர். ஒயிட் பல ஆண்டுகள் தயங்கினார். முடிவில், லண்டனில் நூல் வெளியீட்டாளராக இருந்த மற்றொரு தம்பி பெஞ்சமின் அதனை வெளியிட்டார். 1789ஆம் ஆண்டு குறித்த ‘செல்போர்னின் இயற்கை வரலாறும் பழமைகளும்’ என்னும் அந்நூலில் பெனன்டுக்கு 44 கடிதங்களும் பாரிங்டனுக்கு 66 கடிதங்களுமாக 110 இயற்கை வரலாற்றுக் கடிதங்கள் உள்ளன. சிறுவனாக இருந்தபோது சார்ல்ஸ் டார்வின் அதைப் படித்துப் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கினார். மண்புழுக்கள் நிலத்துக்குச் செய்யும் நன்மையை ஒயிட் அந்நூலில் எடுத்துக் காட்டியிருந்தார். டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே எழுதியது 1881இல்! ஓர் ஊரைப் பற்றி எழுதப்பட்ட நூல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டே இருக்கிறது.

கடைசி வசந்தம்

புகழ் வந்தபின் அவர் ஓய்ந்துவிட்டாரா? இல்லை. அவருடைய வாழ்வில் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கும் நிகழ்ச்சி அதன்பின்தான் நடந்தது.

1792 அக்டோபர் 6ஆம் நாள், ஊர்த் திடலருகே ஆளில்லாத வீடு ஒன்றின் சிதைந்த ஓலைக் கூரைமேல் இளந்தகைவிலான்கள் வரிசையாக அமர்ந்திருக்கக் கண்டார். குளிர்காலம் கழிந்தது. 1793 ஏப்ரல் 6ஆம் நாள், சரியாக ஆறு மாதம் கழித்து, நண்பர் ஒருவருடன் அந்த வீட்டுக்குச் சென்று, வேலையாளைக் கூரைமேல் ஏற்றி, ஓலையின் ஒவ்வொரு துளையையும் இடுக்கையும் சோதிக்கச் செய்தார். அப்போது அவருக்கு வயது 72. கூரையில் ஒரு குருவியும் இல்லை. அதையும் நாட்குறிப்பில் எழுதினார்.

அதற்குப்பின் மூன்று மாதம்கூட அவர் உயிரோடு இல்லை. ஜூன் 15 வரை நாட்குறிப்பு எழுதினார். ஜூன் 26ஆம் நாள் வேக்ஸ் இல்லத்தில் காலமானார். செல்போர்ன் தேவாலய முற்றத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் இறந்த நாளும் மட்டுமே பொறித்த சிறு கல் அது. அவர் இறந்தது ஜூன் மாதம் ஆகையால், அன்று அவருடைய உழவாரன்கள் ஊரில்தான் இருந்திருக்கும்.

விடை வந்த வழி

விடை மெல்ல வந்தது. 1822இல் ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் ஒரு வெண்ணாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று ஊடுருவி நின்றது! ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பியதற்கு அந்தப் பறவை தன் உடம்பிலேயே சான்று கொண்டுவந்துவிட்டது. 1899இல் டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டென்சன் என்னும் பள்ளி ஆசிரியர், பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் பூட்டும் முறையைத் தொடங்கினார். இங்கிலாந்தில் அம்முறை 1909இல் பரவியது.

1911 மே 6ஆம் நாள், ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்னும் வழக்கறிஞர் தம் வீட்டில் கூடு கட்டியிருந்த தகைவிலான் ஒன்றுக்கு வளையம் பூட்டினார். 1912 டிசம்பர் 23ஆம் நாள் அந்தக் குருவி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது. இங்கிலாந்துத் தகைவிலான் எங்கே போகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது. ஒயிட் மறைந்து அப்போது 119 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு வீட்டில் புறப்பட்ட கேள்விக்கு விடையும் வீட்டிலேயே தொடங்கி வீட்டிலேயே முடிந்தது பொருத்தமன்றோ?

நவம்பர் குருவிகளுக்கும் இன்று விளக்கம் உண்டு. காலந்தாழ்த்திப் பொரித்த குஞ்சுகளும், வடக்கிலிருந்து பிந்தி வரும் வழிப்போக்கர்களுமே அவை. உழவாரன் பறந்தவாறே இணை சேரும் என்று ஒயிட் எழுதினார். அப்பறவை கூடு கட்டும் காலம் நீங்கலாக ஏறத்தாழ பத்து மாதம் தரையிறங்காமலே வானில் வாழக்கூடியது என்று ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் மெய்ப்பித்தனர்.

அப்படியானால் ஒயிட் தேடியது வீணா? 1946இல் கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் எட்மண்ட் ஜேகர் என்பவர், பாறைக் குழி ஒன்றில் குளிர்கால உறக்கத்தில் கிடந்த பறவையைக் கண்டார். புவர்வில் என்னும் பக்கி இனப் பறவை அது. பறவை உறங்கக்கூடும் என்ற எண்ணம் முழுப் பொய்யன்று. பறவை வேறு, நாடு வேறு; அவ்வளவே! கேள்வி சரியானது. செல்போர்ன் குருவிகளுக்கு அது பொருந்தவில்லை.

நாம் கற்க வேண்டியது

ஆய்வு என்றால் பெரிய கூடமும் விலையுயர்ந்த கருவியும் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒயிட்டிடம் இருந்தவை ஒரு முற்றம், ஓர் ஏடு, இரண்டு கண்கள். அவருடைய முதுமைக் கால நண்பர் ராபர்ட் மார்ஷம், நார்ஃபோக்கில் 1736 முதல் வசந்தத்தின் அறிகுறிகளைத் தேதியிட்டு எழுதிவந்தார். அவர் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தனர். தட்பவெப்பம் மாறிவருவதை ஆராய்வோர்க்கு அந்தப் பழைய தேதிகள் இன்று அரிய செல்வமாக உதவுகின்றன. இன்று நாம் எழுதும் வரி யாருக்குப் பயன்படும் என்பது நமக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக எழுதாமல் இருந்துவிடக் கூடாது.

வேறொரு கவலையும் உண்டு. ஒயிட் எண்ணிய உழவாரனும், அவர் கூடு கட்டக் கண்ட மார்ட்டினும் 2021இல் பிரிட்டனின் அருகிவரும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புதுப்பித்த வீடுகளில் கூரையிடுக்குகள் அடைபட்டுப் போனதும் உழவாரன் குறைவதற்கு ஒரு காரணம். முன்பு எத்தனை இருந்தன என்று எவரேனும் எண்ணி வைத்திருந்தால்தானே இப்போது எத்தனை குறைந்தன என்று சொல்ல முடியும்?

ஒயிட் கண்ட அதே இனத் தகைவிலான், இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிர்காலத்தில் நம் தமிழகத்துக்கும் வருகிறது. மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும். வயல்களின் மேலும் ஏரிகளின் மேலும் தாழப் பறக்கும். கோடை தொடங்கினால் போய்விடும். இவ்வாண்டு முதல் குருவி எந்த நாளில் வந்தது? கடைசிக் குருவி எந்த நாளில் சென்றது? நம் கல்லூரியில் ஒருவரேனும் குறித்து வைத்திருந்தால் அதுவே கில்பர்ட் ஒயிட்டுக்கு நாம் செலுத்தும் தகுந்த மரியாதையாகும். நான் ஓர் ஏடு வாங்கிவிட்டேன். உடன் எழுத வருவோரை வரவேற்கிறேன்.